வில்லா தெஸ்தே: தண்ணீரால் வாழ்ந்து தண்ணீராலேயே தேயும் தோட்டம் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இத்தாலிக்குப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, "டிவோலிக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறீர்களா?" என்றுதான். அப்புறம் அவர்கள் திருப்பிக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அவற்றுக்கான பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

வில்லா தெஸ்தே எங்கே இருக்கிறது? அங்கே என்னதான் இருக்கிறது?

ரோமுக்குக் கிழக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் டிவோலி என்று ஒரு மலையூர். அதன் சரிவில் 16ஆம் நூற்றாண்டில் எழுந்த மாளிகையும், அதன் கீழே அடுக்கடுக்காக இறங்கும் தோட்டமும் சேர்ந்ததுதான் வில்லா தெஸ்தே. இடம் பெரியதில்லை, நாலரை ஹெக்டேர்தான். ஆனால் அதற்குள் 51 நீரூற்றுகளும் நீர்மாடங்களும், 220 தொட்டிகளும், 64 சிற்றருவிகளும் இருக்கின்றன. 2001இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

யார் கட்டியது?

கர்தினால் இரண்டாம் இப்போலித்தோ தெஸ்தே. ஃபெராரா நாட்டுப் பிரபுவுக்கும் லுக்ரேசியா போர்ஜியாவுக்கும் பிறந்தவர், அதாவது போப் ஆறாம் அலெக்சாண்டரின் பேரன். பணம், படிப்பு, ரசனை மூன்றும் இருந்தன. போப் ஆகவேண்டும் என்ற ஆசையும் இருந்தது. பலமுறை முயன்றும் அது மட்டும் கைகூடவில்லை. மூன்றாம் ஜூலியஸ் போப் ஆவதற்கு இவர் உதவினார். அதற்குக் கைம்மாறாக 1550இல் இவரை டிவோலிக்கு ஆளுநராக அனுப்பினார்கள்.

வந்து பார்த்தால், ஆளுநர் தங்குவதற்கென்று இருந்தது ஒரு பழைய பெனடிக்டின் துறவியர் மடம். அதை மாளிகையாக மாற்றி, கீழே இருந்த சரிவில் வீடுகளை வாங்கி இடித்து, மண்ணை வெட்டி நிரவி, தோட்டத்துக்கு இடம் எடுத்தார். திட்டம் போட்டவர் பீர்ரோ லிகோரியோ. கட்டடக் கலைஞர், ஓவியர், பழம்பொருள் ஆய்வாளர் என்று எல்லாமாகவும் இருந்தவர். 1560 தொடங்கி 1572இல் கர்தினால் இறக்கும்வரை வேலை நடந்துகொண்டே இருந்தது. அப்போதும் முழுதாக முடியவில்லை.

பாழடைந்த இடம் என்று சிலர் சொல்கிறார்கள், சொர்க்கம் என்று சிலர் சொல்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டுமே உண்மை. எனக்கு இந்த இடம் பிடித்துப்போனதற்குக் காரணமும் அதுதான்.

இது இடிந்து விழுந்து கிடக்கும் மாளிகை இல்லை. அரசு பராமரிக்கிறது, செடிகளை வெட்டி ஒழுங்காக வைத்திருக்கிறார்கள், ஊற்றுகள் ஓடுகின்றன. ஆனால் கிட்டே போய்ப் பாருங்கள். சிலைகளின் மூக்கும் விரலும் மழுங்கியிருக்கும். சுதைப் பூச்சு உதிர்ந்து, உள்ளே இருக்கும் செங்கல் தெரியும். சிங்கமா கழுகா என்று சொல்ல முடியாதபடி ஒரு முகம் பாசிக்குள் புதைந்திருக்கும். படங்களில் வரும் பளபளப்பை எதிர்பார்த்துப் போகிறவர்கள்தான் ஏமாந்து திரும்புகிறார்கள்.

இந்தத் தேய்மானத்துக்குப் பெரிய காரணம் தண்ணீர். டிவோலிப் பக்கத்துத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து மிக அதிகம். ரோமின் கட்டடங்களில் அடிக்கடி கண்ணில் படும் டிராவர்டைன் என்ற கல்லே இந்த வட்டாரத்தில் இப்படிப் படிந்து படிந்து உண்டானதுதான். டிவோலியின் பழைய பெயரான டிபூரிலிருந்துதான் அந்தக் கல்லுக்கே பெயர் வந்தது. உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் குழாயின் வாயில் வெள்ளையாகப் படிந்து கெட்டியாகிவிடுமே, அதேதான். நாலரை நூற்றாண்டாக அது சிலைகளின் உதட்டிலும் தொட்டிகளின் விளிம்பிலும் குழாய்களின் உள்ளேயும் படிந்துகொண்டே இருக்கிறது. சுரண்டி எடுத்தால் அடியில் இருக்கும் சிற்பமும் சேர்ந்து வரும். விட்டுவைத்தால் உருவம் மறைந்துபோகும். தண்ணீரை நிறுத்திவிட்டால் பாசியும் பெரணியும் காய்ந்து, தோட்டமே செத்ததுபோல் ஆகிவிடும். இந்த மூன்றுக்கும் நடுவில்தான் பராமரிப்பவர்களின் பாடு.

எப்போதிலிருந்து இந்த நிலை?

கர்தினாலுக்குப் பிறகு அவருடைய குடும்பத்தின் வேறு கர்தினால்கள் ஓரளவு பார்த்துக்கொண்டார்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெஸாந்த்ரோ தெஸ்தே நிறையப் பழுது பார்த்தார். 1661இல் சிற்பி பெர்னினி இங்கே ஒரு பெரிய அருவியை அமைத்துக் கொடுத்தார். அதற்கப்புறம் இறக்கம்தான். உரிமையாளர்கள் இருந்தது தொலைவில், வட இத்தாலியின் மொடேனாவில். வருமானம் தராத தோட்டத்துக்கு யார் செலவழிப்பார்கள்? 18ஆம் நூற்றாண்டில் பழங்காலச் சிலைகளை ஒவ்வொன்றாக விற்றார்கள். அவற்றில் சில இன்று ரோமின் காபிடோலைன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பிறகு திருமண உறவு வழியாக மாளிகை ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்குப் போனது. அங்கேயும் கேட்பாரில்லை.

வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு அந்தக் காலம் ஒரு கொடை. 1760இல் ஃபிராகொனார், யூபேர் ரொபேர் என்ற இரண்டு இளம் பிரெஞ்சு ஓவியர்கள் கோடைக்காலத்தில் இங்கே வந்து செஞ்சுண்ணக் கட்டியால் வரைந்தார்கள். காடாக வளர்ந்த சைப்ரஸ் மரங்கள், உடைந்த படிகள், நடுவே பொட்டுப் போல மனிதர்கள். ஒழுங்காக இருந்த காலத்து அச்சுப் படங்களையும் இவர்களுடைய ஓவியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே இடம் என்று நம்பமாட்டீர்கள்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் கர்தினால் ஹோஹென்லோஹே குத்தகைக்கு எடுத்துச் செப்பனிட்டார். கடைசித் தனி உரிமையாளர் யார் தெரியுமா? ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட். 1914இல் சராயேவோவில் சுடப்பட்டாரே, அவரேதான். முதல் உலகப் போருக்குப் பிறகு இத்தாலிய அரசு மாளிகையை எடுத்துக்கொண்டு, 1920களில் பெரிய அளவில் புதுப்பித்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. 1944இல் குண்டு விழுந்து மறுபடியும் சேதம், மறுபடியும் பழுதுபார்ப்பு. இன்றைக்கும் ஏதாவது ஒரு மூலையில் சாரம் கட்டி வேலை நடந்துகொண்டிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

பம்பு இல்லாமலா இத்தனை ஊற்றுகள் ஓடுகின்றன?

ஆமாம், ஒரு பம்பும் இல்லை. மேலே இருப்பது கீழே வரும் என்ற ஒரே விதிதான். அனியேனே ஆறு டிவோலி ஊரை ஒட்டி, தோட்டத்தைவிட உயர்ந்த மட்டத்தில் ஓடுகிறது. அதிலிருந்து ஊருக்கு அடியில் சுரங்க வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் தோட்டத்தின் மேல் மூலைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து 875 மீட்டர் நீளத்துக்குக் கால்வாய்களும் மடைகளுமாகப் பிரிந்து இறங்குகிறது. எவ்வளவு உயரத்திலிருந்து வருகிறதோ, குழாயின் வாய் எவ்வளவு குறுகலோ, அதற்கேற்ப ஊற்று எழும்பும். மேல் தொட்டியில் வழிந்த தண்ணீரே கீழ் ஊற்றுக்கு அழுத்தம் தருகிறது. ஒரே தண்ணீர் நாலைந்து தடவை வேலை செய்துவிட்டுத்தான் வெளியேறும். மேலே ஒரு குழாய் அடைத்துக்கொண்டால் கீழே யாருக்குத் தண்ணீர் குறையும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்தக் காலத்து நீர்ப்பொறியாளர்களை நினைத்துக் கை தானாகக் குவியும்.

மாளிகைக்குள் அறைகள் காலியாக இருக்குமாமே. உள்ளே போகத்தான் வேண்டுமா?

போங்கள். நாற்காலி, மேசை, திரைச்சீலை என்று எதுவும் இருக்காது, அதனால் பலர் ஐந்து நிமிடத்தில் ஓடிவிடுகிறார்கள். மேலே அண்ணாந்து பாருங்கள். லிவியோ அக்ரெஸ்தி, ஜிரோலாமோ முட்ஸியானோ, ஃபெதெரிகோ ஸுக்காரி ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் தீட்டிய சுவரோவியங்கள் கூரை முழுக்க இருக்கின்றன. ஹெர்குலிஸ் கதைகள், டிவோலியின் புராணம், வேட்டைக் காட்சிகள். சில இடங்களில் ஈரம் ஏறி வண்ணம் வெளுத்திருக்கிறது. அங்கே தோட்டத்தையே சுவரில் வரைந்து வைத்திருப்பதையும் தேடிப் பாருங்கள். கட்டி முடிக்காத பகுதிகளையும் முடிந்ததுபோல் வரைந்துவிட்டார்கள். சன்னலுக்கு வெளியே நிஜம், உள்ளே கனவு.

எந்த வழியாகச் சுற்றுவது நல்லது?

இதை யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். இன்றைக்கு நுழைவாயில் மேலே, திரெந்தோ சதுக்கத்தில், மாளிகை வழியாக இருக்கிறது. ஆனால் தோட்டத்தைத் திட்டமிட்டவர்கள் விருந்தாளியைக் கீழ்வாசல் வழியாக வரவேற்பதற்காகவே அமைத்தார்கள். கீழே நுழைந்தால் மரங்களுக்கு நடுவே ஒரு நேர்ப்பாதை. அதன் முடிவில் எட்டாத உயரத்தில் மாளிகை. ஒவ்வோர் அடுக்காக ஏறும்போது இடமும் வலமும் ஊற்றுகள் ஒவ்வொன்றாகத் தெரியவரும். நாம் அதைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

அதனால் முதலில் ஓரத்துப் படிகளில் எங்கும் நிற்காமல் கடைசி வரை இறங்கிவிடுங்கள். அங்கே சைப்ரஸ் மரங்கள் வட்டமாக நிற்கும் இடம் ஒன்று இருக்கிறது. அதில் திரும்பி நின்று மாளிகையை அண்ணாந்து பார்த்துவிட்டு, அங்கிருந்து ஏறத் தொடங்குங்கள். கால் வலிக்கும். ஆனாலும் கர்தினாலின் விருந்தாளி பார்த்த தோட்டம் கிடைக்கும்.

எதைக் கட்டாயம் பார்க்கவேண்டும்?

என்னைக் கேட்டால் "நூறு ஊற்றுகள்" என்று அழைக்கப்படும் நீண்ட நடைபாதை. ஏறக்குறைய 100 மீட்டர் நீளத்துக்கு ஒரு சுவர், அதில் மூன்று அடுக்காகத் தண்ணீர். உண்மையில் வாய்கள் முந்நூறுக்குப் பக்கம் வரும். மேல் வரிசையில் எஸ்தே குடும்பச் சின்னமான கழுகு, அல்லிப்பூ, படகு, தூண் என்று மாறி மாறி. கீழ் வரிசையில் விலங்கு முகங்கள் வாய் திறந்து துப்பிக்கொண்டிருக்கும்.

நடு வரிசையின் சுவரில்தான் விஷயம் இருக்கிறது. அங்கே பழைய ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதிய உருமாற்றக் கதைகளைச் சுடுமண்ணில் புடைப்புச் சிற்பங்களாகச் செய்து பதித்திருந்தார்கள். மனிதர்கள் மரமாக, பறவையாக, கல்லாக மாறும் கதைகள். இன்று அவற்றில் பெரும்பாலானவற்றைப் பெரணியும் பாசியும் மூடிவிட்டன. ஓர் இடத்தில் முழங்காலோ தோளோ மாதிரி ஒரு வளைவு மட்டும் தெரிந்தது. அதன் மேல் சுண்ணாம்பு தேன்மெழுகு நிறத்தில் வழிந்து கெட்டியாகி, அதற்கு மேல் ஈரப் பாசி, பாசியிலிருந்து நூல்போல் ஒரு பெரணித் தண்டு, அதன் நுனியில் ஒரு சொட்டு. அது விழ, அடுத்த சொட்டு திரண்டது. உருமாற்றக் கதையைச் சொன்ன சிற்பமே உருமாறிக்கொண்டிருந்தது. நான் அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். தொடாதீர்கள். விரல் பட்டால் பொடியாக உதிரும் நிலையில் சில இருக்கின்றன.

இந்தப் பாதையின் ஒரு முனையில் முட்டை வடிவ ஊற்று, டிவோலியின் அருவிகளையும் மலையையும் குறிப்பது. மறுமுனையில் "ரொமெத்தா", சின்ன ரோம். அங்கே ஓநாயிடம் பால் குடிக்கும் இரட்டையர், கல் படகின் மேல் ஒரு சதுரத் தூண். டிவோலியிலிருந்து தண்ணீர் ரோமுக்குப் போகிறது என்பதைத்தான் நடந்து பார்க்கும்படி கட்டியிருக்கிறார்கள். ரொமெத்தாவின் ஒரு பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டிலேயே போய்விட்டது. மிச்சம் நிற்பதைத்தான் நாம் பார்க்கிறோம்.

ஆர்கன் ஊற்று நிஜமாகவே பாடுமா?

பாடும். காலை 10.30 தொடங்கி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, சில நிமிடங்கள். தண்ணீரும் காற்றும் ஒன்றாக ஒரு குழாய் வழியே மூடிய அறைக்குள் விழும். அங்கே காற்று பிரிந்து அழுத்தத்தோடு இசைக்குழல்களுக்குள் போகும். விழுந்த தண்ணீர் ஒரு சக்கரத்தைச் சுற்றும். சக்கரத்தோடு சேர்ந்து முள் பதித்த உருளை சுழன்று, எந்தக் குழல் எப்போது திறக்கவேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்ளும். பிரான்சிலிருந்து வந்த லூக் லெக்லெர்க் தொடங்கியதை அவருடைய உறவினர் கிளோத் வெனார் முடித்தார். 1581இல் இங்கே வந்த பிரெஞ்சு எழுத்தாளர் மொந்தேன் இதைக் கேட்டுத் தன் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பிறகு அது ஊமையாகி, நெடுங்காலம் வெறும் முகப்பாகக் கிடந்தது. 2003இல்தான் மறுபடியும் ஒலித்தது.

தோட்டத்தின் மறுபக்கத்தில் ஆந்தை ஊற்று இருக்கிறது. பறவைகள் கீச்சிடும், ஆந்தை திரும்பினால் அடங்கிவிடும். குழந்தைகளை அழைத்துப் போனால் இதை விடாதீர்கள்.

படங்களில் வரும் அந்தப் பெரிய நீர்த்திரை?

அது நெப்டியூன் ஊற்று. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது 1927இல் அமைத்தது. பெர்னினி செய்த அருவி பாழாகிப்போன இடத்தில், மிச்சத்தை வைத்துக்கொண்டு புதிதாகக் கட்டினார்கள். பழையது இல்லை என்பதால் அதன் அழகு குறைந்துவிடாது. வெயில் இருந்தால் வானவில் தெரியும்.

ரோமிலிருந்து எப்படிப் போவது?

திபுர்த்தீனா நிலையத்திலிருந்து ரயில் இருக்கிறது. அல்லது மெட்ரோ பி தடத்தில் போந்தே மம்மோலோ வரை போய், அங்கிருந்து கோத்ரால் பேருந்து. எதில் போனாலும் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ரயில்தான் பிடிக்கும். கடைசியில் மலை ஏறும்போது அனியேனே பள்ளத்தாக்கு தெரியும். திங்கள் காலையில் மூடியிருப்பது வழக்கம், அதனால் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், கூட்டமும் அதற்கேற்ற மாதிரி இருக்கும்.

எந்தப் பருவம் நல்லது?

ஏப்ரல், மே. அல்லது அக்டோபர். கோடையில் வெயில் கடுமை என்றாலும் தோட்டத்துக்குள் நிழலும் சாரலும் உண்டு. குளிர்காலத்தில் சீக்கிரம் மூடிவிடுவார்கள்.

அம்மாவுக்கு முட்டி வலி. அழைத்துப் போகலாமா?

அழைத்துப் போங்கள், ஆனால் கடைசி வரை இறங்க வைக்காதீர்கள். இறங்குவது எளிது, ஏறுவதுதான் பாடு. படிகள் ஒரே அளவில் இல்லை, பாசி பிடித்த இடங்களில் வழுக்கும். நல்ல பிடிப்புள்ள செருப்பு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். மேல்மாடத்திலிருந்து பார்த்தாலே தோட்டமும் அதற்கப்பால் ரோம் சமவெளியும் விரிந்து தெரியும். அங்கே அமர்ந்திருந்தால்கூட வந்த வழி வீணில்லை. நூறு ஊற்றுகள் வரை முடிந்தால் மெதுவாகக் கூட்டிப் போங்கள். அந்தப் பாதை சமதளம்.

ஊற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா?

கூடாது. ஆற்றுத் தண்ணீர். பாட்டில் எடுத்துப் போங்கள்.

வில்லா அட்ரியானாவையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

முடியும், காலையில் சீக்கிரம் கிளம்பினால். பேரரசர் ஹேட்ரியன் 2ஆம் நூற்றாண்டில் டிவோலி மலையடிவாரத்தில் கட்டிய பெரும் மாளிகை நகரம் அது. இரண்டுக்கும் உறவு உண்டு. தோட்டத்தைத் திட்டமிட்ட லிகோரியோதான் கர்தினாலுக்காக ஹேட்ரியனின் இடிபாடுகளைத் தோண்டினார். அங்கிருந்த சிலைகளும் சலவைக்கல்லும் மலையேறி இங்கே வந்தன. பிறகு இங்கிருந்தும் விற்றுப் போயின. அதனால் முதலில் அட்ரியானாவில் வெறும் பீடங்களைப் பாருங்கள். மாலையில் தெஸ்தேயில் காலி மாடங்களைப் பாருங்கள். நடுவில் என்ன நடந்தது என்பது சொல்லாமலே புரியும்.

லிஸ்ட் இங்கே இருந்தாராமே?

ஆமாம். ஹங்கேரிய இசைமேதை ஃபிரான்ஸ் லிஸ்ட், ஹோஹென்லோஹேயின் விருந்தாளியாக 1865 தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு அவ்வப்போது வந்து தங்கினார். இந்தத் தோட்டத்தின் ஊற்றுகளுக்கு ஒன்றும் சைப்ரஸ் மரங்களுக்கு இரண்டுமாகப் பியானோ இசை எழுதினார். ஊற்றுகளுக்கு எழுதியதை ரயிலில் வரும்போது ஒருமுறை கேளுங்கள். வலது கை விரல்கள் மேலே போய்ச் சிதறும் இடத்தில் அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது தோட்டத்துக்குள் வந்ததும் தெரிந்துவிடும். சைப்ரஸ் இசை இருண்டது. அவர் காலத்தில் இந்தத் தோட்டம் எவ்வளவு தனித்துக் கிடந்தது என்பதை அதில்தான் கேட்க முடிகிறது.

ஒரே ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால்?

மாளிகையை விட்டுவிடுங்கள். நேராக நூறு ஊற்றுகளுக்குப் போய், முட்டை ஊற்றிலிருந்து ரொமெத்தா வரை ஒருமுறை மட்டும், மெதுவாக நடங்கள். அப்புறம் கீழே மூன்று மீன் குளங்களுக்கு இறங்கி, கடைசிக் குளத்தின் ஓரத்தில் நில்லுங்கள். அங்கே தண்ணீர் சத்தம் போடாது. மேலே ஆர்ப்பரித்து வந்ததெல்லாம் அங்கே தட்டையாகக் கிடக்கும். ஒருபக்கம் நெப்டியூன் ஊற்றின் வெண்மை அதில் தலைகீழாகத் தெரியும். திரும்பி ஏறக் கால் மணி நேரம் மீதம் வைத்துக்கொள்ளுங்கள்.